‘முதல் பெண்’ என்ற பட்டம் மறைப்பது என்ன? மீனாம்பாள் முதல் ஆத்துப்பாக்கம் வரை

பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் செல்வோர் திருமழிசையைக் காணாமல் போவதில்லை. தொழிற்பேட்டையாலும், 2020ஆம் ஆண்டு கொரோனாப் பரவலின்போது கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாக அங்கு மாற்றப்பட்டதாலும் அவ்வூர் இன்று பலருக்கு அறிமுகம். ஆயினும் அதன் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றவர் திருமழிசை ஆழ்வார். பிரம்பங்காட்டில் கிடந்த குழந்தையைப் பிரம்பு அறுக்கும் திருவாளன் கண்டெடுத்தார் என்றும், அவர் மனைவி பங்கயச்செல்வி அதனை வளர்த்தார் என்றும் வைணவ மரபு கூறுகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து ஞானியான பின்னும், பெரும்புலியூரில் அவரைக் கண்டவர்கள் பிறப்பை எண்ணி வேதம் ஓதுவதை நிறுத்திக்கொண்டார்கள் என்பதும் அதே மரபு சொல்லும் கதைதான்.

இக்கதையில் ஆழ்வாருக்குப் பாசுரங்கள் உண்டு. கோயிலில் சன்னதி உண்டு. பங்கயச்செல்விக்கு இருப்பது ஒரு பெயர் மட்டுமே. பெருமை பெற்ற ஓர் ஆணை வளர்த்தவர் என்ற அளவில் அவர் நினைவில் நிற்கிறார். அவர் என்ன எண்ணினார், என்ன பேசினார் என்பதற்கு மரபில் இடமில்லை.

இது பழங்கதை என்று நாம் கடந்துவிட முடியாது. ஆண்டுதோறும் மார்ச் 8 அன்று வெளியாகும் சாதனைப் பெண்களின் பட்டியல்களில் தலித் பெண்கள் இடம்பெறும் முறையைக் கவனித்தால், ஏறத்தாழ அதே வகையான நினைவுதான் தொடர்கிறது. ‘முதல் பெண்’, ‘ஒரே பெண்’, ‘இன்னாருக்குப் பட்டம் அளித்தவர்’ என்று ஒரு வரி. அருகில் ஒரு படம். அவர்கள் எதற்காக வாதிட்டார்கள், யாரை எதிர்த்தார்கள், எந்தக் கோரிக்கை இன்றும் நிறைவேறவில்லை என்ற கேள்விகள் அந்த ஒரு வரியில் மறைந்துபோகின்றன. ‘முதல்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் எழுப்ப வேண்டிய கேள்விகள் இரண்டு. அதுவரை மற்றவர்களைத் தடுத்தது எது? இரண்டாமவர் வருவதற்கு ஏன் இத்தனை காலம் ஆயிற்று?

பழைய செங்கல்பட்டின் நிலம்

திருமழிசை இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. 1997ஆம் ஆண்டுவரை அது செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. தலித் உரிமை வரலாற்றில் அம்மாவட்டத்துக்குத் தனியிடம் உண்டு. 1891இல் அங்கு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நிலமின்மையே அம்மக்களை அடிமைநிலையில் வைத்திருக்கிறது என்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக 1892இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையே பின்னாளில் பஞ்சமி நிலம் என அறியப்பட்ட நிலங்களுக்கு அடிப்படை. ரெட்டமலை சீனிவாசன் பிறந்ததும் அம்மாவட்டத்தில்தான்.

நில உரிமை, கல்வி, சட்டமன்றப் பிரதிநிதித்துவம் ஆகியவற்றை வலியுறுத்திய இந்த அரசியல் சூழலிலிருந்தே அடுத்த தலைமுறையில் பெண் தலைவர்கள் உருவானார்கள். அவர்களைத் தனிமனித அற்புதங்களாகக் காட்டுவது, அவர்களை உருவாக்கிய இயக்கத்தை மறைப்பதாகும்.

மீனாம்பாள்: பட்டம் அளித்தவர் மட்டுமல்லர்

அன்னை மீனாம்பாள் சிவராஜ் 1904இல் ரங்கூனில் பிறந்தார். பாட்டனார் மதுரைப் பிள்ளை ரங்கூனில் பெரும் வணிகர். தந்தை வாசுதேவப் பிள்ளை சென்னையில் ஆதிதிராவிடர்களின் பிரதிநிதியாகப் பொதுவாழ்வில் இருந்தவர். கணவர் ந. சிவராஜ் வழக்கறிஞர், 1942இல் நாக்பூரில் அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோது அதன் தலைவரானவர், பின்னர் சென்னையின் மேயர், 1957இல் செங்கல்பட்டுத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்.

மீனாம்பாள் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் செய்தி ஒன்றுதான். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில் ஈ.வெ.ராமசாமிக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் வழங்கப்பட்டது. அதற்கு முன்னின்ற பெண்களுள் அவரும் ஒருவர். செய்தி உண்மையே, அது பெருமைக்குரியதும்கூட. ஆனால் நீண்ட பொதுவாழ்வு கொண்ட ஒருவர் ஓர் ஆணுக்குப் பெயர் சூட்டிய ஒரு நாளுக்குள் சுருக்கப்படுவது நியாயமா?

அவருடைய அரசியல் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1928இல் சைமன் குழுவைக் காங்கிரஸ் புறக்கணித்தது. நாட்டுப்பற்று என்றாலே கறுப்புக்கொடி என்றிருந்த காலம் அது. அப்போது சைமன் குழுவை ஆதரித்துப் பேசித்தான் மீனாம்பாள் பொதுமேடைக்கு வந்தார். இதனைப் புரிந்துகொள்ள ஒடுக்கப்பட்டோர் அன்று எடுத்த நிலைப்பாட்டை அறிய வேண்டும். அதிகாரம் இந்தியர் கைக்கு மாறும்போது அது எந்த இந்தியர் கைக்குப் போகும் என்பதே அவர்களுடைய கேள்வி. தங்கள் குறைகளை நேரில் எடுத்துரைக்க ஒரு குழு வருகிறது என்றால் அந்த வாய்ப்பை விடக் கூடாது என்று அவர்கள் கருதினார்கள். பள்ளிப் பாடங்களில் வரும் சைமன் குழு எதிர்ப்பு வரலாற்றில் இந்த வாதத்துக்கு இடமே இல்லை. மீனாம்பாளின் முதல் உரை பட்டியல்களில் இடம்பெறாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அது கொண்டாட வசதியானதன்று.

சென்னை மாநகராட்சி உறுப்பினர், கௌரவ நீதிபதி, சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்ற உறுப்பினர் எனப் பல பொறுப்புகளில் அவர் இருந்தார். கல்வி, தன்மானம், ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குள் ஒற்றுமை ஆகியவற்றைத் தம் உரைகளில் தொடர்ந்து வலியுறுத்தினார். அம்பேத்கர் அவரைத் தம் தங்கையாகக் கருதிப் போற்றினார். 1944 செப்டம்பரில் அம்பேத்கர் சென்னை வந்தபோது நடந்த பட்டியல் சாதிப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மீனாம்பாளே. 1992இல் அவர் மறைந்தார்.

நாக்பூரின் கோரிக்கையும் ஜமீன் கொரட்டூரின் விடுதியும்

அந்தச் சென்னை மாநாட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1942 ஜூலையில் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களின் அகில இந்திய மாநாடு சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் கூடியது. பல்லாயிரம் பெண்கள் திரண்டனர். அங்கு நிறைவேற்றிய தீர்மானங்களை இன்று வாசித்தால் அவற்றின் தெளிவு வியப்பளிக்கும். மணவிலக்கு உரிமை வேண்டும். பலதார மணம் ஒழிய வேண்டும். ஆலைகளில் உழைக்கும் பெண்களுக்கு விடுப்பும் இழப்பீடும் வேண்டும். ஆலைப் பெண்களை மேற்பார்வையிடப் பெண்களே அமர்த்தப்பட வேண்டும். மாணவியருக்கு அரசு விடுதிகள் வேண்டும். சட்டமன்றங்களில் இடம் வேண்டும். இந்து திருமணச் சட்டம் வந்தது 1955இல்தான் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

இவற்றுள் தொழிலாளப் பெண்கள் பற்றிய கோரிக்கையை எடுத்துக்கொண்டு திருமழிசை வட்டாரத்துக்கே வருவோம். திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பெண்களுள் பலர், பூந்தமல்லியை அடுத்த ஜமீன் கொரட்டூர் விடுதியில் தங்கியிருந்தனர். 2021 டிசம்பரில் அவ்விடுதி உணவால் உடல்நலம் பாதிக்கப்பட்டு 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் தங்கியிருந்தவர்களின் நிலை குறித்துச் சரியான தகவல் கிடைக்காததால், பெண்கள் திரண்டு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை இரவிலும் மறித்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரத்துக்குக் கீழே இருந்ததை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அந்தப் பெண்கள் எல்லோரும் தலித்துகள் அல்லர். பல சாதிகளைச் சேர்ந்த, பல மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். எனினும் அவர்கள் கேட்டது 1942இல் நாக்பூரில் கேட்டதிலிருந்து வேறானதன்று: பாதுகாப்பான தங்குமிடம், மனிதருக்குரிய உணவு, குறை சொல்லக் கேட்பதற்கு ஒரு செவி. எண்பதாண்டு இடைவெளியில் ஒரே கோரிக்கை மீண்டும் சாலைக்கு வருகிறது. சுலோசனாபாயும் மீனாம்பாளும் பொருத்தம் இழக்காத சிந்தனையாளர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தாட்சாயணி: ஆய்வகத்தின் வாசலில்

அறிவியல் துறையில் முன்னோடிப் பெண்களைத் தேடும்போது தாட்சாயணி வேலாயுதனின் பெயர் வரும். 1912இல் கொச்சியை அடுத்த முளவுகாட்டில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். புலையர்கள் நகரச் சாலைகளில் நடக்கத் தடை இருந்த காலம். கூட்டம் கூட்ட நிலத்தில் இடம் மறுக்கப்பட்டதால் காயலில் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்து அதன்மீது கூட்டம் நடத்திய போராட்ட மரபைச் சேர்ந்தது அவர் குடும்பம்.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் பயின்று 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் அறிவியல் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் என்று அவர் குறிப்பிடப்படுகிறார். பட்டியல்கள் இங்கு நின்றுவிடுகின்றன. அவர் எப்படிப் பயின்றார் என்பதைச் சொல்வதில்லை. ஆய்வகத்தில் சோதனைகளைச் செய்துகாட்டிய ஆதிக்க சாதி ஆசிரியர் அவரை அருகில் விடவில்லை. தொலைவில் நின்று பார்த்தே அவர் கற்றுத் தேர்ந்தார். இதனை மன உறுதிக்கு எடுத்துக்காட்டாக மட்டும் சொல்வது போதாது. அறிவியல் கல்வியில் கைப்பயிற்சி என்பது பாடத்தின் பாதி. அந்தப் பாதியைச் சாதி பறித்தது என்பதே இதிலுள்ள செய்தி. தொலைவில் நின்றும் தேறியவர் ஒருவர். தேற முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் கல்லூரிப் பதிவேடும் சொல்லாது.

பட்டம் பெற்றபின் அரசுப் பள்ளி ஆசிரியரானார். 1945இல் கொச்சி சட்டமன்றத்துக்கும், 1946இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கும் சென்றார். சபையிலிருந்த பெண்கள் 15 பேர். அவர்களுள் தலித் பெண் அவர் ஒருவரே.

இங்கு ஒரு முக்கிய வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மீனாம்பாள் அம்பேத்கரின் கூட்டமைப்பில் நின்றவர். தனித்தொகுதி கோரிய அரசியலின் குரல். தாட்சாயணி காங்கிரஸில் நின்றவர், தனித்தொகுதியை எதிர்த்தவர். சமூக இழிவுகள் உடனடியாக நீக்கப்படுவதே உண்மையான பாதுகாப்பு என்பது அவருடைய நிலைப்பாடு. ஆனால் அவர் தம் கட்சிக்குத் தலையாட்டியவரும் அல்லர். அரசமைப்பு வரைவு அதிகாரத்தை மையத்தில் குவிக்கிறது என்று 1948இல் சபையிலேயே விமர்சித்தார். தீண்டாமை ஒழிப்புப் பிரிவு அதே ஆண்டு நவம்பர் 29 அன்று விவாதத்துக்கு வந்தபோது, சட்டத்தின் தண்டனையைவிட மக்களும் அரசும் நடந்துகொள்ளும் விதமே அதன் வெற்றியைத் தீர்மானிக்கும் என்ற கருத்தை முன்வைத்தார். பட்டியலில் இவ்விருவரின் படங்களும் அருகருகே இருக்கும். அவர்களுக்கிடையே இருந்த கருத்துப் போர் இருக்காது. தலித் பெண்களுக்கும் அரசியல் கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதை ஏற்காத மரியாதை, அரைகுறை மரியாதையே.

தாட்சாயணி நின்ற ஆய்வக வாசல் இன்று வேறு வடிவம் எடுத்திருக்கிறது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, கூலித் தொழிலாளியின் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். அந்த மதிப்பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மருத்துவ இடம் நீட் தேர்வால் கைநழுவியது. உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதிட்டும் பயனின்றி 2017 செப்டம்பர் 1 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரை மருத்துவராகக் கண்டிருக்க வேண்டிய நாம், ஒரு போராட்டத்தின் அடையாளமாகக் காண்கிறோம். நுழைவாயில் தேர்வின் பெயரில் இருந்தாலும் சாதியின் பெயரில் இருந்தாலும், அதனருகே நிற்க யாருக்குப் பணமும் பயிற்சியும் உள்ளன என்ற கேள்வி மாறவில்லை.

எழுத்தும் அதனை நீக்கும் கைகளும்

தமிழ் இலக்கியத்தில் இந்த மரபு 1989இல் ஒரு திருப்பத்தை எட்டியது. இந்திய ஆட்சிப் பணியிலிருந்த ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ நாவல் அவ்வாண்டு வெளிவந்தது. ஆதிக்க சாதிகளின் ஒடுக்குமுறையோடு, தலித் குடும்பத்துக்குள்ளும் தலித் அரசியலுக்குள்ளும் இருந்த ஆணாதிக்கத்தையும் அது பேசியது. இயக்கத்தைக் காட்டிக்கொடுப்பதாக அதனைக் குறைகூறியவர்கள் உண்டு. உள்ளிருந்து எழும் விமர்சனத்தைத் தாங்கும் வலிமையே ஓர் இயக்கத்தை வளர்க்கும் என்பதை அந்த விவாதம் நமக்குக் கற்றுத்தந்தது. 2008இல் அவர் பணியைத் துறந்து அரசியலுக்கு வந்தார்.

1992இல் பாமாவின் ‘கருக்கு’ வெளியானது. கன்னியர் மடத்திலிருந்து வெளியேறிய ஒரு பெண், தம் ஊர் மக்களின் பேச்சுமொழியிலேயே தம் வாழ்வை எழுதினார். எழுத்துத் தமிழின் தூய்மை என்று கருதப்பட்டது யாருடைய தூய்மை என்ற கேள்வியை அந்நூலின் மொழியே எழுப்பியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்டு விருது பெற்றது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் பாமா என்பதை இப்பகுதி வாசகர்கள் தனியே நினைவில் வைக்கலாம்.

அரசுப் பள்ளி ஆசிரியரான சுகிர்தராணி தலித் பெண்ணுடலைக் கவிதையின் மையத்துக்குக் கொண்டுவந்தார். 2023இல் தமக்கு அறிவிக்கப்பட்ட தேவி விருதை, அந்நிகழ்வின் முதன்மை ஆதரவாளர் அதானி குழுமம் என்பதை அறிந்ததும் மறுத்தார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2021 ஆகஸ்டில், பாமா, சுகிர்தராணி இருவரின் படைப்புகளும் டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையும் உடன் நீக்கப்பட்டது. ஆசிரியர்கள் பலர் எதிர்த்தும் முடிவு மாறவில்லை.

மேடையில் ‘சாதனைப் பெண்’ என்று அழைப்பதற்கும் வகுப்பறையில் அவர் எழுத்தை வைப்பதற்கும் உள்ள தூரம் இதில் தெரிகிறது. விருது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். பாடத்திட்டம் ஆண்டுதோறும் புதிய மாணவர்களைச் சென்றடையும். எனவேதான் நீக்கும் கைகள் பாடத்திட்டத்தைத் தேடிச் செல்கின்றன.

கொடிக்கம்பத்தின் அருகே

இனி நம் தொடக்கக் கேள்விக்கு வருவோம்: இரண்டாமவர் வர ஏன் இத்தனை காலம்? மீனாம்பாள் உறுப்பினராக இருந்த, 1945இல் சிவராஜ் மேயரான அதே சென்னை மாநகராட்சி, ஒரு தலித் பெண்ணை மேயராகக் கண்டது 2022இல்; ஆர். பிரியா. அதுவும் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட பிறகுதான் நிகழ்ந்தது. இட ஒதுக்கீடு தகுதியைக் குறைக்கிறது என்போர், ஒதுக்கீடு இல்லாத காலத்தில் அந்த நாற்காலி யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒதுக்கீடு நாற்காலியைத் தருகிறது; அதில் அமரும் உரிமையைத் தானாகவே தந்துவிடுவதில்லை. திருமழிசை இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டிப் பகுதியிலுள்ள ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அமிர்தம். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவர் தேசியக்கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியாகி எதிர்ப்பு எழுந்த பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடன் நிற்க அவர் கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் தலித் பெண் தலைவர் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளியானது. 2022 சுதந்திர நாளுக்கு முன், ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. விடுதலை பெற்று 75 ஆண்டுகள் ஆன பின்பு எழுதப்பட்ட கடிதம் அது.

சட்டத்தின் வெற்றி நடத்தையில்தான் உள்ளது என்று தாட்சாயணி 1948இல் சொன்னதன் பொருள் ஆத்துப்பாக்கத்தில் விளங்குகிறது. கொடிக்கம்பம் இருந்தது, தேர்தல் நடந்தது, ஒதுக்கீடும் இருந்தது. அவற்றை மதிக்கும் நடத்தை மட்டும் இல்லை.

ஆகவே இப்பெண்களை நினைவுகூர்வது என்றால் என்ன என்பதைச் செயலாகச் சொல்லலாம். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் ஊர் நூலகங்களிலும் இவர்களின் படங்களோடு இவர்களின் உரைகளும் நூல்களும் இடம்பெற வேண்டும். 1942 நாக்பூர் தீர்மானங்கள் பெண் தொழிலாளர் கூட்டங்களில் வாசிக்கப்பட வேண்டும். அரசுப் பள்ளிகளின் ஆய்வகங்கள் திறந்திருக்கின்றனவா, அங்கு மாணவியர் தம் கைகளாலேயே சோதனை செய்கின்றனரா என்பதைப் பெற்றோர் கேட்க வேண்டும். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகிய இரு நாள்களிலும் தத்தம் ஊராட்சியில் கொடியேற்றுபவர் யார் என்பதை ஊர்மக்கள் கவனித்துப் பதிவுசெய்ய வேண்டும். தடை நேர்ந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் புகார் அளிக்கத் துணைநிற்க வேண்டும்.

அடுத்த மார்ச் 8 அன்று ‘முதல் பெண்’ என்று ஒருவர் பெயர் வாசிக்கப்படும்போது, அந்த வாழ்த்தோடு அவர் எழுப்பிய கோரிக்கையையும் சேர்த்து வாசிக்குமாறு கேட்போம். அது நிறைவேறிவிட்டதா என்பதையும் அதே மேடையில் கேட்போம்.